நிறுத்தம் நகரத்துடையது, பேருந்து யாருடையது?

சட்டப் புத்தகங்கள் சில வேளைகளில் நகைச்சுவை நூல்களையும் வென்றுவிடுகின்றன. 1992இல் நிறைவேறி, 1993 சூன் முதல் நாள் நடைமுறைக்கு வந்தது நம் அரசியலமைப்பின் 74ஆம் திருத்தம். நகராட்சிகளுக்கு என்னென்ன பணிகளை ஒப்படைக்கலாம் என்று அது பன்னிரண்டாம் அட்டவணையில் 18 இனங்களை வரிசைப்படுத்துகிறது. நான்காவது இனம், சாலைகளும் பாலங்களும். பதினேழாவது இனம், தெருவிளக்கு, வாகன நிறுத்துமிடம், பேருந்து நிறுத்தம், கழிப்பிடம் முதலிய பொது வசதிகள். பேருந்து நிறுத்தம் இருக்கிறது, பேருந்து? அட்டவணையை மேலிருந்து கீழும், கீழிருந்து மேலும் படித்துப் பாருங்கள். பேருந்து அங்கே இல்லை!

நாம் நிற்கும் இடத்துக்கு நகராட்சி பொறுப்பு. வரவேண்டிய வண்டிக்கு வேறு யாரோ பொறுப்பு. பந்தியில் இலை போடுகிறவர் ஒருவர், சோறு பரிமாறுகிறவர் மற்றொருவர். சோறு எப்போது வரும் என்பது இலை போட்டவருக்கே தெரியாது என்றால் அந்த விருந்து எப்படி இருக்கும்? கொல்கத்தாவின் பேருந்துப் பயணம் அப்படித்தான் இருக்கிறது.

இந்தப் பிரிவினைதான் நோயின் வேர் என்பது என் கருத்து. நகருக்குள் ஓடும் பேருந்து, அந்நகர மக்கள் தேர்ந்தெடுக்கும் மன்றத்துக்கு உரியதாக இருக்க வேண்டும். தொலைவில் இருக்கும் அமைச்சகத்துக்கும் உரியதாக வேண்டாம். அன்றாடம் இலாபம் எண்ணும் தனியாருக்கும் உரியதாக வேண்டாம். இதை நிறுவவே இக்கட்டுரை.

நமக்கென்ன?

“நாம் இங்கே படிக்க வந்தவர்கள். இரண்டு ஆண்டில் பட்டம் வாங்கிக்கொண்டு போகிறவர்கள். கொல்கத்தாப் பேருந்து யாருடையதாக இருந்தால் நமக்கென்ன?” என்று சில நண்பர்கள் கேட்கக்கூடும். நான் கும்பகோணத்துப் பக்கத்தவன். லேக் மார்க்கெட்டில் கறிவேப்பிலையும் வாழையிலையும் வாங்கி வாழும் தமிழ்க் குடும்பங்கள் இந்நகரில் தலைமுறை தலைமுறையாக இருக்கின்றன. அவர்களும் ஒரு நாள் வந்தவர்கள்தாம். அது நிற்க. நம்மில் எத்தனை பேருக்குச் சொந்த வண்டி உண்டு? விடுதியில் இடம் கிடைக்காமல் நகரின் கோடியில் அறை எடுத்திருப்பவர் எத்தனை பேர்? வங்கமொழி தட்டுத் தடுமாறிப் பேசுகிற நமக்கு, மொழி கேட்காமல், குலம் கேட்காமல், ஊர் கேட்காமல் இடம் கொடுத்த முதல் இடம் இந்நகரத்துப் பேருந்துதானே! உரிமைச் சீட்டு வாங்கியவன் ஊரானா, அயலானா என்று பார்ப்பதில்லை. கட்டணம் கொடுக்கிறவனுக்குக் கருத்துச் சொல்லவும் உரிமை உண்டு.

எங்கள் துறையில் ஓர் ஆய்வு மாணவி இருக்கிறார். அவர் செய்யும் சோதனை காலையில் தொடங்கினால் இரவு ஒன்பது மணிக்குத்தான் முடியும். அவர் செல்ல வேண்டிய தடத்தில் எட்டு மணிக்குப் பின் பேருந்து வந்தாலும் வரும், வராமலும் போகும். ஆகவே பாதியில் நிறுத்திவிட்டு, மறுநாள் மீண்டும் முதலிலிருந்து தொடங்குவார். இருவர் அறிவும் ஒன்றே, உழைப்பும் ஒன்றே, ஆனால் விடுதியில் இருக்கும் நான் ஒரு நாளில் முடிப்பதை அவர் மூன்று நாளில் முடிக்கிறார். மாணவியரின் கல்விக்கு உதவித்தொகை உண்டு, இட ஒதுக்கீடு உண்டு, பாராட்டுக் கூட்டமும் உண்டு. கடைசிப் பேருந்து ஒன்று இல்லாததால் அவர்கள் இழக்கும் மணிகளை எந்தக் கணக்கில் எழுதுவது?

மூன்று உரிமையாளர், நகரம் மட்டும் இல்லை

கொல்கத்தாவில் 1873 பிப்ரவரி 24ஆம் நாள் சியால்தாவிலிருந்து ஆர்மீனியன் படித்துறை வரை குதிரை டிராம் ஓடிற்று. போதிய ஆதரவின்றி அவ்வாண்டு நவம்பரிலேயே நின்றும் போயிற்று. பின்னர் 1880இல் இலண்டனில் பதிவு பெற்ற கல்கத்தா டிராம்வே கம்பெனி வந்தது. 1902இல் மின்சார டிராம் ஓடத் தொடங்கிற்று. தண்டவாளம் கொல்கத்தாவின் தெருவில்; பங்குதாரர் கூட்டம் தேம்ஸ் நதிக் கரையில்! தேசபந்து சித்தரஞ்சன் தாஸ் 1924இல் இந்நகரின் முதல் மேயராக வந்தார். சுபாஷ் சந்திர போஸ் மாநகராட்சியின் தலைமை நிர்வாக அலுவலராக அமர்ந்தார். அத்தகைய பெருமக்கள் வீற்றிருந்த மன்றத்துக்கும், வாசலில் ஓடிய டிராம் சொந்தமில்லை.

விடுதலைக்குப் பின்னும் அந்நிலை மாறவில்லை. 1948 சூலை 31 முதல் மேற்கு வங்க அரசு தானே பேருந்து விட்டது. 1960இல் அதற்கென்று கல்கத்தா மாநிலப் போக்குவரத்துக் கழகம் அமைந்தது. டிராமை விலைக்கு வாங்கும் உரிமையை 1951ஆம் ஆண்டுச் சட்டம் மாநில அரசின் கையில் வைத்தது. அரசு 1967இல் நிர்வாகத்தை ஏற்றது. 1976இல் நாட்டுடைமை ஆக்கியது. அண்மையில், 2016இல், கழகங்கள் ஒன்றாக இணைக்கப்பட்டு மேற்கு வங்கப் போக்குவரத்துக் கழகம் ஆயின. இவற்றுக்கு அப்பால், தெருவை நிறைத்து ஓடும் தனியார் பேருந்துகளும் மினி பஸ்களும் இருக்கின்றன. வெளிநாட்டுக் கம்பெனி, மாநில அரசு, தனியார் என மூவரும் உரிமையாளராக இருந்து பார்த்தார்கள். நகரம் மட்டும் ஒருநாளும் உரிமையாளராக இருந்ததில்லை.

உரிமையாளர் தொலைவில் இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு 1953 சான்று. அவ்வாண்டு சூலைத் திங்களில் டிராம் கம்பெனி இரண்டாம் வகுப்புக் கட்டணத்தை ஒரு பைசா உயர்த்திற்று. நம் பாட்டனார் கணக்கில் சொன்னால் வெறும் காலணா. அந்தக் காலணாவுக்காகக் கொல்கத்தா கொதித்தெழுந்தது. மாணவர்கள் தெருவுக்கு வந்தனர், டிராம்கள் எரிந்தன, தடியடியும் சிறையும் தொடர்ந்தன. இறுதியில் உயர்வு நிறுத்திவைக்கப்பட்டது. மக்கள் வென்றனர் என்று பெருமைப்படலாம். ஆனால் எண்ணிப் பாருங்கள்: காலணாவைப் பற்றிப் பேச ஒரு மன்றமும், கேட்க ஒரு செவியும் இருந்திருந்தால், தீயிடம் முறையிட வேண்டிய தேவை என்ன?

எழுபது ஆண்டு கழித்தும் கதை பெரிதும் மாறவில்லை. 2024 செப்டம்பரில், ஒரே ஒரு பாரம்பரியத் தடம் தவிர மற்ற டிராம்களை நிறுத்தப்போவதாக மாநிலப் போக்குவரத்து அமைச்சர் அறிவித்தார். டிராம் வேண்டுமா, வேண்டாமா என்பது வேறு வாதம். நான் கேட்பது இது: ஒரு நகரத்தின் நூற்றைம்பது ஆண்டு வாகனத்தைப் பற்றிய முடிவு, அந்நகரத்து மன்றத்தில் பிறக்க வேண்டுமா, மாநிலத் தலைமைச் செயலகத்தில் பிறக்க வேண்டுமா?

ஆறு பேருந்தின் கணக்கு

“போட்டி இருந்தால் சேவை வளரும்” என்பது பொருளியல் வகுப்பில் சொல்லும் மந்திரம். பேருந்துத் தடத்தில் அந்த மந்திரம் பலிக்காது என்பதை ஒரு சிறு கணக்கால் காட்டலாம்.

ஒரு தடத்தில் மணிக்கு ஆறு பேருந்து ஓடுவதாகக் கொள்வோம். பத்து நிமிடத்துக்கு ஒன்றாக ஒழுங்காக வந்தால், நிறுத்தத்துக்கு வரும் ஒருவர் சராசரியாக ஐந்து நிமிடம் காத்திருப்பார். அதே ஆறும் மூன்று மூன்றாகச் சேர்ந்து, அரை மணிக்கு ஒரு கூட்டமாக வந்தால்? சராசரிக் காத்திருப்பு பதினைந்து நிமிடம். வண்டி அதே ஆறு, டீசல் அதே அளவு, ஓட்டுநரும் அவர்களே. காத்திருப்பு மட்டும் மூன்று மடங்கு! மேலும், முதல் வண்டியில் கால் வைக்க இடம் இராது. மூன்றாம் வண்டி காலியாகப் போகும்.

பேருந்துகள் ஏன் இவ்வாறு கூட்டம் சேர்கின்றன? ஒரு வண்டி இரண்டு நிமிடம் தாமதித்தால், அடுத்த நிறுத்தத்தில் அதற்காகக் காத்திருப்போர் கூடுகின்றனர். அவர்களை ஏற்றுவதில் மேலும் தாமதம். பின்னால் வரும் வண்டிக்கோ ஆள் குறைவு. அது விரைந்து வந்து முன்னதைப் பிடித்துவிடுகிறது. பென்சிலை நுனியில் நிறுத்தியது போன்ற நிலையில்லாச் சமநிலை இது. விட்டுவிட்டால் விழும், ஒருவர் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

கொல்கத்தாவின் தனியார் பேருந்தில் பிடிப்பதற்கு மாறாகத் தள்ளிவிடுகிறோம். ஓட்டுநருக்கும் நடத்துநருக்கும் மாதச் சம்பளம் இல்லை. அன்றன்று விற்ற சீட்டின் மேல் கமிஷன். ஆகவே ஆள் தேடி ஊர்ந்து போவது, பின்னால் போட்டி வண்டி தெரிந்ததும் பாய்ந்து ஓடுவது. இதற்கு வங்காளிகள் ‘ரேஷாரேஷி’ என்று பெயரே வைத்துவிட்டார்கள். விபத்து நேர்ந்தால் செய்தித்தாள் ஓட்டுநரைத் திட்டுகிறது. அவர் என்ன செய்வார்? எதிரே போகும் வண்டியை முந்தினால்தான் அவர் வீட்டில் உலை கொதிக்கும் என்று விதி செய்தவர்களை அல்லவா கேட்க வேண்டும்! அந்தத் தொழிலாளிக்கு நிலையான ஊதியம் தருவதே சாலைப் பாதுகாப்பின் முதற்பாடம்.

இடைவெளியைக் காப்பது ஒரு பொதுப்பணி. அதை விற்க முடியாது. சீட்டுக் கிழித்து வசூலிக்க முடியாது. ஆகவே இலாபம் பார்க்கும் எவரும் அதைச் செய்யமாட்டார். தடம் முழுவதற்கும் ஒரே பொறுப்பாளர் இருந்தால்தான் ஒரு வண்டியைச் சற்றே நிறுத்திவைத்து மற்றொன்றை அனுப்ப முடியும். இரவு ஒன்பது மணி வண்டியும் அப்படியே. அதில் பத்துப் பேர்தாம் ஏறுவர், கணக்கில் நட்டம். ஆனால் அவ்வண்டி உண்டு என்ற நம்பிக்கையால் மாலையில் ஆயிரம் பேர் வீட்டை விட்டு வெளியே வருகிறார்கள். அந்த ஆயிரம் பேரின் கணக்கைப் பார்க்க நகரத்தைத் தவிர யாருக்கு மனம் வரும்?

பிற ஊர்களில்

இஃது ஏதோ கற்பனை உலகத்துக் கொள்கை என்று எண்ண வேண்டாம். இங்கிலாந்தில் ஈஸ்ட்போர்ன் என்னும் கடற்கரை ஊரின் நகராட்சி 1903 ஏப்ரலிலேயே மோட்டார் பேருந்து விட்டது. உலகின் முதல் நகராட்சிப் பேருந்து அதுதான் என்பர். நம் நாட்டில் அகமதாபாத் நகராட்சி 1947 ஏப்ரல் முதல் நாள் தன் பேருந்துச் சேவையைத் தொடங்கியது. பம்பாய் மாநகராட்சி, விடுதலைக்கு எட்டு நாள் முன்பு, 1947 ஆகஸ்டு 7இல், அங்கிருந்த தனியார் கம்பெனியை விலைக்கு வாங்கியது. அதுவே ‘பெஸ்ட்’ நிறுவனம். தமிழர் வாழும் கொழும்பிலும் 1944இல் மாநகர சபை டிராமை வாங்கி நடத்தியது. 1953 முதல் 1964 வரை டிராலி பஸ்ஸும் ஓட்டியது.

இங்கிலாந்து பின்னர் வழி மாறியது. 1986இல் இலண்டனுக்கு வெளியே பேருந்துத் தடங்களைச் சந்தைக்குத் திறந்துவிட்டார்கள். நகராட்சிப் பேருந்துகள் பல விற்கப்பட்டன. விற்காமல் வைத்துக்கொண்ட சில ஊர்களில் நாட்டிங்காமும் ரெடிங்கும் உண்டு. இன்றும் அந்நாட்டில், இலண்டனுக்கு வெளியே, தலைக்குத் தலை பேருந்தில் மிகுதியாகப் பயணம் செய்யும் ஊர்களின் வரிசையில் அவை இரண்டும் நிற்கின்றன. இதைக் கண்டும், 2017இல் ஒரு சட்டம், இங்கிலாந்து நகராட்சிகள் புதிதாகப் பேருந்து நிறுவனம் தொடங்கக் கூடாது என்றே தடை போட்டது! அந்தத் தடையை நீக்க 2025ஆம் ஆண்டுச் சட்டம் தேவைப்பட்டது. சந்தையின் தாயகமே திரும்பிப் பார்க்கிறது. நாம் மட்டும் அவர்கள் விட்ட வழியில் ஓட வேண்டுமா?

தடை சொல்வோருக்கு

“சாக்கடை அள்ளத் தெரியாத நகராட்சியா பேருந்து ஓட்டப் போகிறது?” இது முதல் தடை. நியாயமான கேள்விதான். ஆனால் சாக்கடை அடைத்தால் வார்டு உறுப்பினர் வீட்டுக் கதவை நாம் தட்டுகிறோம். அடுத்த தேர்தலில் நினைவில் வைக்கிறோம். பேருந்து வரவில்லை என்றால் எந்தக் கதவைத் தட்டுவது? தவறு செய்கிறவரைக் கேட்க முடிவது, தவறே செய்யாதவரைத் தேடுவதினும் மேல்.

“தமிழ்நாட்டில் அரசுதானே நடத்துகிறது? நன்றாகத்தானே நடக்கிறது?” இது இரண்டாம் தடை, நம்மவர் சொல்வது. உண்மை. 1972இல் பல்லவன், சேரன், சோழன், பாண்டியன் என்று பெயர் சூட்டித் தமிழகம் பேருந்துக் கழகங்களை அமைத்தது. சிற்றூருக்கும் பேருந்து சென்றது. பிள்ளைகள் பள்ளிக்குச் சென்றனர். 2021 மே மாதம் முதல் பெண்கள் சாதாரண நகரப் பேருந்தில் கட்டணமின்றிப் பயணம் செய்கின்றனர். இவற்றைக் குறைத்துப் பேச நான் நன்றி மறந்தவன் அல்லேன். ஊர் விட்டு ஊர் செல்லும் பேருந்தை மாநிலம் நடத்தட்டும். ஆனால் அங்கேயும் பேருந்து நிலையம் நகராட்சியுடையது, பேருந்து கழகத்துடையது என்ற பிரிவினை உண்டு. நம் தெருவில் நிறுத்தம் எங்கே, கடைசி வண்டி எப்போது என்ற சிறு கேள்விகளுக்கு மாநிலத் தலைநகரிலிருந்து விடை வர நெடுநாள் ஆகிறது.

“நட்டம் வருமே!” இது மூன்றாம் தடை. வரும். சாலையால் இலாபமா வருகிறது? தெருவிளக்குச் சீட்டுக் கொடுத்தா எரிகிறது? பம்பாயில் ‘பெஸ்ட்’ நிறுவனம் மின்சாரமும் வழங்கியது. மின்சாரப் பிரிவின் உபரி நெடுங்காலம் பேருந்துப் பிரிவைத் தாங்கியது. கொல்கத்தாவில் கார் நிறுத்துகிறவரிடம் மாநகராட்சி கட்டணம் பெறுகிறது. சாலையை அடைத்து நிற்கும் காரிடம் பெற்று, அறுபது பேரைச் சுமந்து செல்லும் பேருந்துக்குக் கொடுப்பது எவ்வளவு பொருத்தம்! அட்டவணையின் பதினேழாம் இனத்தில் வாகன நிறுத்துமிடமும் பேருந்து நிறுத்தமும் பக்கத்தில் பக்கத்தில் அல்லவா எழுதப்பட்டிருக்கின்றன!

பம்பாய் தரும் பாடம்

ஆயினும் உண்மையை மறைக்கலாகாது. நகராட்சி உடைமை என்ற பெயர்ப் பலகை மட்டும் போதாது என்பதற்கும் அதே பம்பாய், இன்றைய மும்பை, சான்றாகிறது. ‘பெஸ்ட்’ தன் சொந்தப் பேருந்துகளைக் குறைத்துக்கொண்டே வந்து, ஒப்பந்தக்காரரின் வண்டிகளை நம்பத் தொடங்கியது. 2023 ஆகஸ்டில் ஒப்பந்த ஓட்டுநர்கள் ஊதிய உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்தபோது நகரம் தவித்தது. குறைந்த கட்டணம் 2019 சூலையில் 5 ரூபாயாகக் குறைக்கப்பட்டது. 2025 மே மாதத்தில் 10 ரூபாயாக இரட்டித்தது. இந்த உயர்வு வந்தபோது அந்நகரில் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றமே இல்லை. 2022 மார்ச்சில் மன்றத்தின் காலம் முடிந்தது. ஆண்டுக்கணக்கில் தேர்தல் நடவாமல் அதிகாரியின் ஆட்சி தொடர்ந்தது. மன்றம் இல்லாத மாநகராட்சியும் ஒரு தொலைதூர முதலாளிதான். வண்டி சொந்தமாக இருக்க வேண்டும். மன்றமும் உயிரோடு இருக்க வேண்டும்.

மற்றொரு தடையும் உண்டு. கொல்கத்தாவில் பயணம் செய்வோர் பலர் கொல்கத்தாவில் வாழ்வோர் அல்லர். ஹவுராவிலிருந்தும் பிதான்நகரிலிருந்தும் தம்தம் பகுதியிலிருந்தும் வருகிறார்கள். ஒரு மாநகராட்சியின் எல்லையில் பேருந்து நின்றுவிட முடியுமா? முடியாது. புனே நகரம் இதற்கு வழி காட்டியது. புனேயும் பிம்ப்ரி சிஞ்சுவடும் தனித்தனியே நடத்திய பேருந்துகளை 2007இல் ஒன்றாக்கி, இரு மாநகராட்சிகளும் பொறுப்பைப் பங்கிட்டுக்கொண்டன. அங்கும் குறைகள் உண்டு. ஆனால் எல்லை ஒரு தடையன்று என்பது மட்டும் மெய்ப்பட்டுவிட்டது.

செய்ய வேண்டியது

ஆகவே நான் வேண்டுவது இது. கொல்கத்தாவும் சுற்றியுள்ள நகராட்சிகளும் சேர்ந்த ஒரு கூட்டு வாரியம் அமைய வேண்டும். மன்ற உறுப்பினர்கள் அதில் அமர வேண்டும். கூட்டம் பொதுமக்கள் முன் நடக்க வேண்டும். தடமும் கால அட்டவணையும் கட்டணமும் அதன் கையில் இருக்க வேண்டும். எல்லாத் தனியார் வண்டியையும் ஒரே நாளில் வாங்க வேண்டியதில்லை. ஆனால் முதன்மைத் தடங்களில் வாரியத்தின் சொந்த வண்டி ஓட வேண்டும். எஞ்சிய தனியார் வண்டிகளுக்கு ஓடிய தொலைவுக்கு ஏற்பப் பணம் கொடுத்து, கமிஷன் முறையை ஒழிக்க வேண்டும். ஒவ்வொரு நிறுத்தத்திலும் முதல் வண்டி எப்போது, கடைசி வண்டி எப்போது என்று எழுதிவைக்க வேண்டும். வங்கத்தில் எழுதினால் போதும். எண்ணைப் படிக்கவாவது நாம் இங்கு வந்த ஆண்டில் கற்றிருக்க மாட்டோமா?

நண்பர்களே! நாம் அரசாள்வோர் அல்லர். ஆனால் எண்ணத் தெரிந்தவர்கள். நம் சங்கத்தில் ஐம்பது பேர் சேர்ந்தால் போதும். ஆளுக்கொரு நிறுத்தம்; வாரம் ஒரு மாலை; ஆறு மணி முதல் பத்து மணி வரை. எந்தத் தடத்து வண்டி எத்தனை மணிக்கு வந்தது, எத்தனை பேர் ஏற முடியாமல் நின்றனர் என்று ஒரு நோட்டில் குறிப்போம். மூன்று திங்களில் இந்நகரத்துக் காத்திருப்பின் கணக்கு நம் கையில் இருக்கும். வங்காளி மாணவத் தோழர்களையும் உடன் அழைப்போம். அந்தக் கணக்கை வார்டு உறுப்பினரிடம் கொடுப்போம். “இது என் பொறுப்பு இல்லையே” என்று அவர் சொல்வார். அந்தச் சொல்லையும் எழுதி வாங்கி, “ஏன் இல்லை?” என்று கேட்போம்.

1953இல் இந்நகர மாணவர்கள் காலணாவுக்காகத் தெருவில் நின்றார்கள். நாம் நோட்டும் பென்சிலுமாக நிறுத்தத்தில் நிற்போம். வரும் திங்களின் முதற் சனிக்கிழமை தொடங்கலாம். வர விரும்புவோர் சங்கச் செயலாளரிடம் பெயர் கொடுங்கள். எட்டு மணிக்குப் பிந்திய நேரத்தை எடுத்துக்கொள்ள விடுதியில் இருக்கும் ஆடவர் முன்வாருங்கள்.